ரேஸ் காருக்குக் காயில்ஓவர் கட்டுகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

ஆலங்குளத்தில் கார் கட்டும் உங்களுக்குக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 350 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டை டிராக் 600 கிலோமீட்டர் பக்கம் வரும். ஷெட்டில் நீங்கள் செய்த தப்பு, காரை டெம்போவில் ஏற்றி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, டிராக்குக்குக் காசு கட்டி, ஹெல்மெட் மாட்டிய பிறகுதான் தெரியவரும். கோயம்புத்தூர்க்காரர் என்றால் மத்தியானம் பட்டறைக்குப் போய் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவர் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் பாதியை நீங்கள் அளந்தே தெரிந்துகொண்டாக வேண்டும்.

காயில்ஓவர் ஒன்றும் மாயம் இல்லை. ஷாக்கின் உடம்பில் மரை வெட்டி, அதில் ஒரு காலர், காலர்மேல் ஸ்பிரிங். காலரைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். அந்தத் திருகலைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஸ்பிரிங், ஷாக், உயரம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கம்பெனி சஸ்பென்ஷனே மேல்.

ஊரில் இதெல்லாம் முடியுமா என்று தயங்க வேண்டாம். கரிவர்தன் 1980-களின் கடைசியில் கோயம்புத்தூரில் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். 1995-இல் அவர் இறந்தார். 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

செய்ய வேண்டியவை

• எந்த கிளாஸில் ஓடப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதன் ரூல் புத்தகத்தை இன்றே படியுங்கள். சில கிளாஸில் ஷாக்கை மாற்றலாம், மவுண்டைத் தொடக்கூடாது. சிலதில் ஷாக்கே கம்பெனி சாமான்தான். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கிளப்புகளின் கூட்டமைப்பு) ஸ்குரூட்டினியில் நிற்கும்போது "தெரியாது சார்" என்பது செல்லாது.

• காரை எடைமேடையில் ஏற்றுங்கள். கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் போகிற ரூட்டில் இருக்கிறீர்கள், லாரி எடைமேடைக்குப் பஞ்சம் இருக்காது. முன் சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழுக் காருக்கு ஒரு சீட்டு. கழித்தால் பின்பக்க எடை. லாரிக்கான மேடை ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும். ஸ்பிரிங் கணக்குக்கு அது போதும்.

• மோஷன் ரேஷியோவை நீங்களே அளங்கள், இன்னொருவர் சொன்ன எண்ணை நம்பாதீர்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மாட்டுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை 10 மி.மீ., 10 மி.மீ. ஆகத் தூக்கி, ஒவ்வொரு முறையும் ஷாக் எவ்வளவு குறுகுகிறது என்று எழுதுங்கள். சக்கரம் 50 மி.மீ. ஏறும்போது ஷாக் 35 மி.மீ. குறுகினால் ரேஷியோ 0.7. இதை அதே எண்ணால் பெருக்கி இருமடி செய்ய வேண்டும்: 0.49. அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ஸ்பிரிங்கின் பலத்தில் பாதிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். முக்கால்வாசிப் பேர் இருமடி செய்ய மறந்து, டிராக்கில் கார் ஏன் தொட்டில்போல ஆடுகிறது என்று கேட்கிறார்கள்.

• ஸ்பிரிங்கை ஹெர்ட்ஸ் கணக்கில் தேர்ந்தெடுங்கள். ரோட்டில் ஓடும் கார் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும். விங் இல்லாத டிராக் காருக்கு 2 முதல் 2.5 நல்ல ஆரம்பம். கணக்கு இதுதான்: 39.5-ஐ ஹெர்ட்ஸின் இருமடியால் பெருக்கி, அந்த மூலையின் எடையால் பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள். எடையில் சக்கரம், பிரேக், ஹப் ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். ஒரு மூலையில் 220 கிலோ, 2 ஹெர்ட்ஸ் என்றால் சக்கரத்தில் 35 நியூட்டன்/மி.மீ. தேவை. ரேஷியோ 0.95 உள்ள ஸ்டிரட் காருக்கு அது 39 ஸ்பிரிங். 0.7 உள்ள விஷ்போன் காருக்கு 71. ஒரே சக்கரம், ஒரே எடை; கடையில் கேட்கும் எண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

• எண்ணோடு அலகையும் கேளுங்கள். ஒருவர் "6" என்பார், இன்னொருவர் "336" என்பார். ஆறு கிலோ/மி.மீ., 59 நியூட்டன்/மி.மீ., 336 பவுண்டு/இஞ்ச் மூன்றும் ஒரே ஸ்பிரிங்தான்.

• வந்த ஸ்பிரிங்கை வெர்னியர் வைத்துச் சரிபாருங்கள். உள்விட்டம் 64 மி.மீ., வேலை செய்யும் சுற்று ஆறு, கம்பி 11 மி.மீ. என்றால் சுமார் 57 நியூட்டன்/மி.மீ. கம்பி மட்டும் 12 ஆனால் 78. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்விட்டத்தையும் பாருங்கள்: 60, 63.5, 65 என்று மூன்று அளவு சந்தையில் சுற்றுகிறது. 65 ஸ்பிரிங் 63.5 காலரில் உட்காரும், ஆனால் அங்குமிங்கும் நகர்ந்து ஷாக்கின் உடம்பை அறுக்கும்.

• ஷாக்கை ஸ்பிரிங்குக்கு ஏற்ப மாற்றுங்கள். ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடினமானால் டேம்பிங் 1.4 மடங்கு வேண்டும், முக்கியமாக ரீபவுண்டில். கம்பெனி ஷாக்கின்மேல் மரைக் குழாயைச் செருகி, முரட்டு ஸ்பிரிங் போட்டுத் தரும் செட்டுகள் இந்த இடத்தில்தான் கவிழ்கின்றன. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழும்போது பிடித்து நிறுத்த ஷாக்குக்குத் திராணி இருக்காது.

• ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தை அடிமுதல் நுனிவரை ஓட்டிப் பாருங்கள். முழுக்க ஏறும்போது டயர் உடம்பில் இடிக்கும் முன், ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும் முன், பம்ப் ஸ்டாப் வேலைக்கு வந்திருக்க வேண்டும். முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் காலரைவிட்டுக் கழன்று ஆடக்கூடாது. ஆடினால் ஹெல்பர் ஸ்பிரிங் போடுங்கள். கல்லூரி மாணவர்கள் கட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் கார்களுக்கே குறைந்தது 50 மி.மீ. சக்கர அசைவு வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் காரைவிட உங்கள் கார் கனமானது.

• அதே ஜாக்கி, அதே 10 மி.மீ. கணக்கில் டோவையும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவையும், பாருங்கள். ஹப்பில் ஒரு நேர்ப் பலகையைக் கட்டி, முன்னும் பின்னும் டேப் பிடித்தால் போதும். சக்கரம் ஏறி இறங்கும்போது டோ மாறினால், பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும்.

• தரையைக் கொத்தனாரின் ட்யூப் லெவலால் பார்த்த பிறகே கார்னர் வெயிட் எடுங்கள். ஷெட் தரை சமமாகத்தான் தெரியும். ஒரு சக்கரத்தின் கீழே 5 மி.மீ. உயர்ந்திருந்தால், மேலே சொன்ன 35 கணக்கில், ஒவ்வொரு சக்கரத்திலும் நாலைந்து கிலோ இடம் மாறிவிடும். தகடு வைத்துச் சமன் செய்யுங்கள். கார்னர் வெயிட்டுக்கு நாலு தனித் தராசு வேண்டும். லாரி மேடை உதவாது. டயர் காற்று சரியாக, பெட்ரோல் ஓடும் அளவுக்கு, ஆன்டி-ரோல் பாரின் ஒரு லிங்க் கழற்றி, நீங்களே சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். தராசைப் படிக்க மச்சானையோ தம்பியையோ கூப்பிடுங்கள். முன்-இடதும் பின்-வலதும் கூட்டினால் மொத்தத்தில் பாதி வர வேண்டும். ஒரு காலரை ஏற்றினால் அந்தச் சக்கரத்திலும் அதன் எதிர்மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டில் குறையும். டீக்கடையில் ஆடுகிற பெஞ்சின் ஒரு காலுக்கடியில் அட்டை செருகியவருக்கு இது சட்டென்று புரியும்.

• ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, பெயின்ட் கோடு போடுங்கள். டெம்போவில் 350 கிலோமீட்டர் குலுங்கிய பிறகு, கோடு விலகியிருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும்.

• நோட்டுப் போடுங்கள், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஷாக்கின் கிளிக்கை முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணுங்கள். மூன்று விஷயத்தை ஒன்றாக மாற்றிவிட்டு நேரம் குறைந்தால், எதனால் குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்யக்கூடாதவை

• ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். கேஸ் கட்டிங் சூடு பட்ட இடத்தில் கம்பியின் பதம் போய்விடும், அங்கேதான் பிறகு முறியும். கிரைண்டரில் வெட்டினாலும் தட்டையாகத் தேய்த்த முனை போய், ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்து ஷாக் ராடை ஒரு பக்கமாகத் தள்ளும். சீல் கசியும். அப்புறம் "ஷாக் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டை.

• ஸ்விஃப்ட் மாதிரி கார்களின் பின்பக்கத்தில் யோசிக்காமல் காயில்ஓவர் போடாதீர்கள். அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். ஷாக்கின் மேல்முனை பிடித்திருக்கும் தகடு, ஷாக்கின் இழுப்புக்கு மட்டும் போட்டது. ஸ்பிரிங்கை ஷாக்கின்மேல் ஏற்றினால் பின்பக்க எடை முழுக்க அந்தத் தகட்டில் இறங்கும். தகடு கிழிந்து ஷாக் உள்ளே துளைத்து வந்த காரை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவர் ஜாதகம் நன்றாக இருந்தது. ஸ்பிரிங்கை அதன் இடத்திலேயே வைத்து, உயரம் மாற்றும் திருகை அங்கே போடுங்கள். இல்லையென்றால் ரோல் கேஜோடு சேர்த்து மவுண்டைப் பலப்படுத்துங்கள், அதற்கும் ரூல் இடம் கொடுத்தால்.

• கடினம் என்றால் வேகம் என்று நினைக்காதீர்கள். டயர் தரையில் இருக்கும்வரைதான் பிடி. துள்ளுகிற டயரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

• அழகுக்காகத் தாழ்த்தாதீர்கள். ஸ்டிரட் காரில் லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும் அளவுக்கு இறக்கினால், காரின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் வேகமாக இறங்கும். விளைவு, தாழ்ந்த கார் முன்பைவிட அதிகமாகச் சாயும். ஆர்ம் தரைக்கு இணையாக வரும் இடத்தோடு நிறுத்துங்கள்.

• ஸ்பிரிங்குக்கு குரோம் முலாம் பூசாதீர்கள். முலாம் தொட்டியில் எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்கவைக்கும். பளபளப்பு வேண்டுமென்றால் பவுடர் கோட்டிங்.

• காற்றுக் காலத்தில் திறந்த ஷெட்டில் ஷாக்கைப் பிரிக்காதீர்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, உங்களுக்குப் புழுதியைத்தான் கொண்டுவரும். வால்வில் ஒரு மணல் துகள் போதும். மோனோ-ட்யூப் ஷாக் என்றால் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அதைத் துளைப்பதும், டயர்க்கடை கம்ப்ரஸர் காற்றை ஏற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

• ஷாக் ராடைப் பிளையரால் பிடிக்காதீர்கள், பக்கத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். ஒரு கீறல், ஒரு வெல்டிங் பொறி, அதோடு சீல் காலி.

• ராட் எண்டை வளையும் இடத்தில் போடாதீர்கள், ஒற்றைத் தகட்டில் தொங்கவிடாதீர்கள். அது இழுக்கவும் தள்ளவும் பிறந்தது. இரண்டு தகட்டுக்கு நடுவே மாட்டுங்கள், போல்டின் மரைப் பகுதி தகட்டுக்குள் வராமல் பாருங்கள்.

• ஹாலோ பிளாக்கை அடுக்கி காரை நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். சொல்லாமல் உடையும்.

• ஒற்றைக் கொக்கியால் ஸ்பிரிங்கை அமுக்காதீர்கள், அதன் நேர் எதிரே நிற்காதீர்கள். 57 ஸ்பிரிங்கை 80 மி.மீ. அமுக்கினால் அது 465 கிலோ பலத்தோடு காத்திருக்கிறது.

• எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று தெரியாத செகண்ட்ஹேண்ட் செட்டை வாங்காதீர்கள். ரேட் தெரியாது, வால்வு தெரியாது, அடிபட்டதா என்றும் தெரியாது. பெட்டியில் இருக்கும் பிராண்ட் பெயர் மட்டும்தான் தெரியும், அதுவும் பல நேரம் ஸ்டிக்கர்.

• திருநெல்வேலி–தென்காசி ரோட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். அகலமான ரோடு, விடியற்காலை, யாரும் இல்லை என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் காய்கறி ஏற்றிய மினி ஆட்டோ மார்க்கெட்டுக்குப் போகும், ஆடு குறுக்கே ஓடும், பீடிக்கட்டோடு ஒரு அக்கா கிராஸ் பண்ணுவார். போதாததற்கு, கம்பெனி அமைப்பை இப்படி மாற்றிய காரை ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் போய் முட்டும். ஷெட்டைவிட்டு வெளியே வரும்போதே கார் டெம்போவில் ஏறட்டும். சக்கரத்தில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள், உடம்பில் கட்டி ஸ்பிரிங்கை அமுக்கி வைக்காதீர்கள். டிராக்கில் முதல் மூன்று சுற்று மெதுவாகப் போய், உள்ளே வந்து, ஜாக்கி வைத்து, காலரையும் பெயின்ட் கோட்டையும் பார்த்த பிறகு நாலாவது சுற்றுக்குக் கிளம்புங்கள்.