போலீஸ் விசாரணைக்கு வந்தால்...

மஞ்சக்குப்பம் கூட்டத்தில் நீங்கள் கேட்டதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். குற்றத்தை விசாரிக்க அரசுக்கு அதிகாரம் வேணும்; அது நம் பாதுகாப்புக்குத்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்வது:

1. சாட்சி விசாரணைக்குப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டில்தான் விசாரிக்கணும்.

2. பொழுது சாய்ந்தபின் விடியும்வரை கைது கூடாது. தவிர்க்க முடியாதபோது மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கிப் பெண் அதிகாரி செய்யலாம்.

3. பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்கணும்.

சண்டை வேண்டாம், உரிமையை நிதானமாகச் சொல்வோம். இலவச வக்கீல் பெற 15100-க்குப் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.