உங்கள் லேப்டாப்பின் சிக்னல், உங்கள் பெயரில்

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமில்லை. யாரோ அவர் வீட்டு வைஃபைக்குள் நுழைந்து மெயில் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் கம்ப்யூட்டர்கள் பறிமுதல், விசாரணை, நாளிதழ்களில் பெயர், படம்.

கேரியரில் மேலே போக நினைப்பவர்கள் ரெஸ்யூமேவை மெருகேற்றுகிறார்கள், லிங்க்ட்இன் படத்தை மாற்றுகிறார்கள். லேப்டாப்பில் இருக்கும் வைஃபை, ப்ளூடூத், டாங்கிள் பற்றி யோசிப்பதே இல்லை. உங்கள் மெஷினிலிருந்து காற்றில் போகும் ஒவ்வொரு சிக்னலுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிளையன்ட் டேட்டாவைக் கையாளும் கம்பெனிகளில் இது நேராக அப்ரைசலுக்கும் வரும். செக்யூரிட்டி ஆடிட்டில் பெயர் அடிபட்டவரை அடுத்த ப்ராஜெக்ட்டில் சேர்க்க மேனேஜர் தயங்குவார். அந்த இடம் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போகும்.

1. முதலில் வீட்டு ரவுட்டர். வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால் அதுவும் ஆபீஸ் உபகரணம்தான். ஃபைபர் கனெக்ஷன் கொடுக்க வந்த தம்பி பெரும்பாலும் உங்கள் மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருப்பார். தெருவில் பாதிப் பேருக்கு அந்த நம்பர் தெரியும். இன்றே மாற்றுங்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும்; பழைய ரவுட்டர் என்றால் குறைந்தது டபிள்யூபிஏ2. அதிலும் 2017-ல் ‘க்ராக்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது, அப்டேட் போட்ட மெஷின்களில் அது அடைக்கப்பட்டது. டபிள்யூஇபி என்று இருந்தால் அந்த ரவுட்டரைத் தூக்கிப் போடுங்கள். அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளிவந்துவிட்டது. விருந்தினருக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியாக வையுங்கள். மாமா பையன் டவுன்லோட் செய்யும் திருட்டுப் படமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

2. சிக்னல் கிடைப்பது அனுமதி ஆகாது. இன்டர்வியூவுக்குப் போன இடத்தில், கிளையன்ட் ஆபீசில், மாடி வீட்டு வைஃபையில், கேட்காமல் நுழையாதீர்கள். உரிமையாளரின் அனுமதியின்றி ஒருவரின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்’ என்று பாஸ்வேர்டு உடைக்கும் சாஃப்ட்வேரை ஓட்டும் ஃப்ரெஷர்கள் கவனிக்க. எத்திக்கல் ஹேக்கிங் படித்தவருக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

3. ஏர்போர்ட், ரயில் நிலையம், காஃபி ஷாப்: உங்கள் சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட்தான் முதல் சாய்ஸ். 2024-ல் ஒருவர் மீது ஆஸ்திரேலியப் போலீஸ் வழக்குப் போட்டது. ஏர்போர்ட்டிலும் விமானத்துக்குள்ளும் அசல் வைஃபையின் பெயரிலேயே போலி நெட்வொர்க்கை உருவாக்கினார் என்பது குற்றச்சாட்டு. இணைந்தவர்களிடம் மெயில், சோஷியல் மீடியா லாகின் கேட்கும் பக்கம் வந்தது. இலவச வைஃபை உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கேட்டால் அங்கேயே துண்டித்துவிடுங்கள். ஆட்டோ-கனெக்ட்டை ஆஃப் செய்யுங்கள். ஆபீஸ் வேலை என்றால் வி.பி.என். இல்லாமல் திறக்காதீர்கள்.

4. ஆபீசுக்குள் சொந்த ரவுட்டரைக் கொண்டுவராதீர்கள். கேபினில் சிக்னல் வீக் என்பதற்காக வீட்டிலிருந்து ஒரு குட்டி ரவுட்டரை எடுத்துவந்து மேஜைக்கடியில் சொருகுபவர்கள் உண்டு. உங்களுக்கு அது வசதி. ஐ.டி. டீமுக்கு அது கம்பெனி ஃபயர்வாலுக்குப் பின்னால் திறந்துகிடக்கும் கொல்லைக் கதவு. பெரிய ஆபீஸ்களில் இப்படி முளைக்கும் ஆக்சஸ் பாயின்ட்டைக் கண்டுபிடிக்கத் தனி ஸ்கேனிங் ஓடுகிறது. எந்த போர்ட்டில் சொருகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். சிக்னல் வீக் என்றால் ஐ.டி. டீமிடம் டிக்கெட் போடுங்கள், தினமும் ஃபாலோ-அப் செய்யுங்கள். மெயிலில் தேதியோடு கேட்டவர் மீது யாரும் கை வைக்க முடியாது.

5. சிக்னலைத் தடுக்கும் ஜாமர் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவில் கம்பெனி பிக்கப் வண்டி ஓட்டிய ஓர் ஊழியர், தான் எங்கே போகிறேன் என்று முதலாளிக்குத் தெரியக்கூடாது என்று சிகரெட் லைட்டரில் ஒரு சின்ன ஜி.பி.எஸ். ஜாமரைச் சொருகிக்கொண்டார். 2012 ஆகஸ்டில் அந்த வண்டி நியூவார்க் விமான நிலையம் பக்கம் வந்தபோது, விமானங்கள் தரையிறங்க உதவும் ஜி.பி.எஸ். அமைப்பில் குழப்பம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் ஆட்கள் கருவியோடு வந்து வண்டியைக் கண்டுபிடித்தார்கள். அறிவிக்கப்பட்ட அபராதம் 31,875 டாலர். வேலையும் போனது. தன் வண்டியை மட்டும் மறைக்க நினைத்தவர் விமான நிலையத்துக்கே இடைஞ்சல் செய்திருந்தார். ரேடியோ அலைக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது.

நாளை மேனேஜராகப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில்லில் மேரியட் நடத்திய ஒரு ஹோட்டலில், கான்ஃபரன்ஸுக்கு வந்தவர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளைத் துண்டித்துவிட்டு ஹோட்டல் வைஃபைக்குக் காசு வாங்கினார்கள். 2014-ல் எஃப்.சி.சி. ஆறு லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம் நாட்டில் டெலிகம்யூனிகேஷன்ஸ் சட்டம் 2023-ன் 42-வது பிரிவுப்படி, தொலைத்தொடர்பைத் தடுக்கும் கருவியை அனுமதியின்றி வைத்திருப்பதற்கே மூன்றாண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘மீட்டிங் ரூமில் யாரும் மொபைல் பார்க்கக்கூடாது, ஒரு ஜாமர் வாங்கிப் போடு’ என்று பாஸ் சொன்னால் இந்தப் பிரிவைப் பணிவாக எடுத்துக் காட்டுங்கள். மொபைல் சிக்னல் பூஸ்டரும் அப்படித்தான். சொந்தமாக வாங்கி மாட்டக்கூடாது, சர்வீஸ் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

6. வயர்லெஸ் மவுஸ். சின்னப் பொருள், ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். 2016-ல் பாஸ்டில் என்ற செக்யூரிட்டி நிறுவனம் ‘மவுஸ்ஜாக்’ என்ற ஓட்டையை வெளியிட்டது. டாங்கிளோடு வரும் பல பிரபல பிராண்டு மவுஸ்களில், தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவர் மவுஸ் போல நடித்து உங்கள் கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தட்ட முடிந்தது. டாங்கிள் நம்பிவிடும். ப்ளூடூத் மவுஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆபீஸ் டெண்டரில் பழைய ஸ்டாக் வந்தால் ஃபர்ம்வேர் அப்டேட் உண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே உங்களை விவரம் தெரிந்தவராகக் காட்டும்.

இன்னொன்று. ஆன்லைன் இன்டர்வியூ நடுவில் மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தால் மவுஸைத் திட்டாதீர்கள், அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும், மவுஸ் டாங்கிள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012-ல் இதைப் பற்றி ஆவணம் வெளியிட்டது. டாங்கிளை மறுபக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடினாலும் உங்கள் வீடியோ உறையாது. சமமான தகுதியுள்ள இருவரில் குரல் தெளிவாகக் கேட்டவர்தான் மனதில் நிற்பார்.

7. மீட்டிங் ரூம் டி.வி.க்கு ஸ்க்ரீனை அனுப்பும்போது பெயரைப் பார்த்து அழுத்துங்கள். இரண்டாவது ரூமுக்குப் பதில் மூன்றாவது ரூமைத் தொட்டால், உங்கள் டீமின் சம்பள ஷீட் பக்கத்து டிபார்ட்மென்ட்டின் சுவரில் ஓடும். வேலை முடிந்ததும் துண்டியுங்கள். ப்ளூடூத்தை எல்லோருக்கும் தெரியும்படி திறந்து வைக்காதீர்கள்.

8. வாங்கும்போது சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் ஒரே கேள்வி: இந்த வைஃபை டாங்கிளுக்கு ஈ.டி.ஏ. இருக்கிறதா? மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கும் உபகரண ஒப்புதல் அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை நாம் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 2018-ல் பெரிய அளவில் திறந்துவிட்டார்கள். ஆனால் பவருக்கு வரம்பு உண்டு. யூட்யூப் பார்த்து டிரைவரில் நாட்டை மாற்றி பவரைக் கூட்டுவது அந்த வரம்பை மீறும் வேலை. சேனல்களும் நாட்டுக்கு நாடு மாறும். ஆன்சைட் போகிறவர்கள் அங்கே இறங்கியதும் டிரைவர் தானாக மாறிக்கொள்ள விடுங்கள், கை வைக்காதீர்கள்.

9. விமானத்தில் ஃப்ளைட் மோட். மூடிவைத்த லேப்டாப் தூக்கத்தில் இருக்கலாம், ரேடியோ விழித்திருக்கலாம். ஏறுமுன் ஷட் டவுன் செய்துவிடுங்கள். ஆஸ்பத்திரியிலும் பெட்ரோல் பங்க்கிலும் போர்டு என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள், விவாதம் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கட்டும். லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையின் ஓரத்தில் இருக்கும், ஆகவே மேஜையில் வைத்து வேலை செய்தாலே உடம்புக்கும் அதற்கும் நல்ல இடைவெளி கிடைத்துவிடும்.

10. வேலையை விடும் நாள். லேப்டாப்பை ஒப்படைக்கும் முன் உங்கள் இயர்பட்ஸ், மொபைல் எல்லாவற்றையும் ப்ளூடூத் பட்டியலிலிருந்து நீக்குங்கள்; வீட்டு வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுங்கள். உங்கள் சொந்த மொபைலில் இருக்கும் கம்பெனி வைஃபை ப்ரொஃபைலையும் சர்டிஃபிகேட்டையும் ஐ.டி. ஆள் முன்னால் அழித்து, ‘முடிந்தது’ என்று அவரிடமிருந்து ஒரு வரி மெயில் வாங்கி, உங்கள் பெர்சனல் மெயிலுக்கு காப்பி போடச் சொல்லுங்கள். அதன்பிறகு ரிலீவிங் லெட்டரில் கையெழுத்து.