பழைய தீக்காயத் தழும்பில் சுண்ணாம்புக் கட்டிகள்

தீக்காயம் ஆறிப் பல ஆண்டுகள் கடந்த பின்னர், அதன் தழும்பில் கல் போன்ற கடினமான முடிச்சுகள் தோன்றுவது உண்டு. சிலருக்கு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வாறு நேர்கிறது. அவ்விடத்தில் தோல் பிளந்து, சுண்ணாம்பு போன்ற வெண்ணிறப் பொருள் வெளிவரும்போது நோயாளியும் குடும்பத்தினரும் அஞ்சுவது இயல்பே. தழும்பில் கால்சியம் உப்புகள் படிவதால் உண்டாகும் அரிய நிலை இது.

ஏன் படிகிறது?

ஆழ்ந்த தீக்காயம் தோலின் திசுக்களைச் சிதைத்துவிடுகிறது. அங்கு உருவாகும் தழும்பில் இரத்த ஓட்டமும் நெகிழ்வுத் தன்மையும் குறைவு. மூட்டுகளின் அருகிலும் கால்களிலும் உள்ள தழும்பு இழுபட்டும் உராய்ந்தும் மீண்டும் மீண்டும் புண்ணாகலாம். இவ்வாறு நலிந்த திசுவில் கால்சியம் உப்புகள் சிறிது சிறிதாகப் படிகின்றன.

இந்நிலையில் இரத்தத்தில் கால்சியத்தின் அளவு இயல்பாகவே இருக்கும். ஆகவே பால், கேழ்வரகு, கீரை ஆகியவற்றை உண்டதே காரணம் என்று எண்ண வேண்டாம். அவற்றைத் தவிர்ப்பதால் கட்டி கரைவதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது.

புண் ஆறாவிட்டால்

சுண்ணாம்புப் படிவு புற்றுநோய் அன்று. ஆயினும், நெடுநாள் ஆறாத தழும்புப் புண்ணில் தோல் புற்றுநோய் தோன்றக்கூடும். இத்தகைய புண்களை 1828ஆம் ஆண்டில் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் இது 'மார்ஜோலின் புண்' என வழங்கப்படுகிறது. எக்ஸ்ரே படம் சுண்ணாம்புப் படிவைக் காட்டும். ஆனால் அதனாலேயே புற்றுநோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. புண்ணிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனையே அதனைத் தெளிவுபடுத்தும்.

சிகிச்சை

தொல்லை தராத சிறு படிவுகளைக் கண்காணித்து வந்தாலே போதும். புண் ஆறுவதைத் தடுக்கும் படிவுகளை அறுவை சிகிச்சையால் அகற்றுவர். தேவைப்படின் உடலின் வேறு பகுதியிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவர். சிறுநீரகக் கோளாறு போன்ற பிற காரணங்கள் உள்ளனவா என அறிய இரத்தப் பரிசோதனையும் செய்யப்படும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• கட்டியை ஊசியாலோ நகத்தாலோ கிள்ளி எடுக்காதீர்கள், சீழ் பிடிக்கும்.
• தழும்பை வறண்டுபோக விடாமலும் வெயில் படாமலும் பாதுகாத்திடுங்கள்.
• முதுகிலும் காலின் பின்புறத்திலும் உள்ள தழும்பை நோயாளியால் காண இயலாது. மாதம் ஒருமுறை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.
• மூன்று, நான்கு வாரங்களில் ஆறாத புண், துர்நாற்றம், இரத்தக் கசிவு, புதிதாகத் தடித்து வளரும் ஓரம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். "பழைய காயம்தானே" என்று நாளைக் கடத்த வேண்டாம்.