நீளும் இடைவெளி

கேள்வி: படிப்பு முடித்துப் பல ஆண்டுகள் வேலையின்றி இருந்தவருக்கு, பின்னர் வேலை கிடைப்பது அரிதாகிவிடும் என்பது உண்மையா? (வாசகர், ஊர்காவற்றுறை)

பதில்: பெருமளவுக்கு உண்மை. ஓராண்டோ அதற்கு மேலோ தேடியும் வேலை கிடைக்காத நிலையைப் பொருளியலார் நீண்டகால வேலையின்மை என்பர். அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பி நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, வேலையின்றி இருந்த காலம் முதல் எட்டு மாதங்களில் நீள நீள, நேர்முகத் தேர்வுக்கான அழைப்புகள் சரிந்ததைக் காட்டியது. எனினும் வேலையின்மை மலிந்த நகரங்களில், இடைவெளியைத் தனிமனிதக் குறையாக முதலாளிகள் அவ்வளவாகக் கொள்ளாததால், அச்சரிவு மெலிந்தே இருந்தது.

யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு இந்த ஆறுதலும் அரைகுறையே. ஊர்காவற்றுறையிலிருந்து யாழ் நகருக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவாரோ குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் வந்து, பின் பேருந்து ஏறவேண்டும் என்பதாலும், கடல் கொந்தளித்தால் படகே ஓடாது என்பதாலும், நாளாந்தம் போய்வரும் வேலை அவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. இதனோடு அரச நியமனத்துக்கான காத்திருப்பும் சேர்கிறது. 2017இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் அரச வேலை கோரித் தொடர் போராட்டம் நடத்தினர். 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகள் அரச சேவையில் பயிலுநர்களாக ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டனர். நியமனம் இவ்வாறு தொகுதி தொகுதியாக வரும் நாட்டில் காத்திருப்போரைச் சோம்பேறிகள் என்பது நியாயமன்று. ஆனால் வயதெல்லை அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே, இடைவெளி வெறுமையாகத் தெரியாதிருக்க, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியிருந்தாலும், பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்திருந்தாலும், சம்பளம் சிறிதென்று கருதி அதை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விடவேண்டாம்.