கயலுக்கு, ப்ரொஃபைல் சர்வர் விஷயமாக

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

நீ போனில் சொன்ன திட்டத்தைக் கேட்டதிலிருந்து மனசில் அதே ஓட்டம்தான். கோவை ஆபீஸில் ஒரு ஃபைல் சர்வர், திருப்பூர் கிளையில் ஒன்று. எல்லோருடைய ரோமிங் ப்ரொஃபைலும் இரண்டிலும் இருக்கும், டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் இரண்டையும் ஒன்றுபோல வைத்திருக்கும், யார் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்துச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாய். வேலைக்குச் சேர்ந்த சூட்டிலேயே இவ்வளவு யோசிக்கிறாயே என்று அத்தைக்குப் பெருமைதான். ஆனால் ஒருவருடைய ப்ரொஃபைலை ஒரே சமயத்தில் இரண்டு சர்வரிலும் எழுதவிடுவதை மட்டும் செய்யாதே.

ஏன் என்று சொல்கிறேன். லாகின் செய்யும்போது ப்ரொஃபைல் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறங்குகிறது. லாக்ஆஃப் செய்யும்போது மாறியவை திரும்ப ஏறுகின்றன. ஒருவருடைய செட்டிங்குகளில் பெரும்பாலானவை என்டியூசர்.டாட் என்ற ஒற்றை ஃபைலுக்குள் இருக்கின்றன. அது துண்டு துண்டாகச் சேராது. கடைசியாக வந்தது முந்தையதை முழுசாக மூடிவிடும். ஒரே சர்வர் இருக்கும்போதே, ஒருவர் இரண்டு கம்ப்யூட்டரில் லாகின் செய்தால் இந்தத் தொல்லை உண்டு. சர்வரும் இரண்டானால் கேட்கவே வேண்டாம். விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2-வோடு வந்த இந்த ரெப்ளிகேஷன் கெட்டிக்காரப் பிள்ளைதான், ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். ஆனால் இங்கே ஒருவர் திறந்திருக்கும் ஃபைலுக்கு அங்கே பூட்டுப் போட அதற்குத் தெரியாது. திறந்த ஃபைலை மூடும்வரை அனுப்பவும் அனுப்பாது.

உங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவையே எடுத்துக்கொள். காலையில் கோவையில் வேலை, மத்தியானம் திருப்பூர். லைன் மந்தமாக இருந்து, காலையில் சேமித்தது இன்னும் போய்ச் சேரவில்லை. திருப்பூர் சர்வர் நேற்றைய ப்ரொஃபைலைத் தூக்கிக் கொடுக்கிறது. சாயங்காலம் அவர் கிளம்பும்போது, இரண்டு பக்கமும் மாறிய ஃபைல்களில் பிந்தியது ஜெயிக்கும். தோற்றது கான்ஃப்ளிக்ட் அண்ட் டிலீட்டட் என்ற மறைவான ஃபோல்டருக்குப் போகும். அதற்கும் ஓர் அளவு உண்டு, நிறைந்தால் பழையவை அழிந்துவிடும். அவர் கண்ணில் ஒரு எச்சரிக்கையும் பட்டிருக்காது. மறுநாள் "காலையில மாத்தி வச்சேனே கயல்" என்று உன் மேசைக்கு வந்து நிற்பார். இப்படி இரண்டு சர்வரையும் டார்கெட்டாகத் திறந்துவைப்பதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

அதனால் திருப்பூர்க்காரர்களுக்குத் திருப்பூர் சர்வர், கோவைக்காரர்களுக்குக் கோவை சர்வர் என்று பிரித்துவிடு. ஒவ்வொன்றின் நகலும் மற்றதில் இருக்கட்டும், ஆனால் டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸில் ஒரு டார்கெட்தான் இயங்க வேண்டும். சர்வர் விழுந்தால் மற்றதை நீயே கையால் இயக்கு. அந்த நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அப்போது தெரிந்தாக வேண்டும். அதனால் இன்னும் போய்ச் சேராத ஃபைல்களின் பேக்லாக்கைத் தினமும் காலையில் ஒரு பார்வை பார்த்துவிடு. அப்படியே, அனுப்புமுன் ஃபைல்கள் தயாராகும் ஸ்டேஜிங் ஃபோல்டரின் அளவையும் கவனி. ஆரம்பத்தில் 4 ஜிபிதான் இருக்கும், பெரிய ஃபைல்கள் ஓடும் இடத்தில் அது போதாது. இன்னொன்று, சர்வர் 2012-லிருந்து, 60 நாளுக்கு மேல் துண்டிக்கப்பட்டுக் கிடந்த நகலை ரெப்ளிகேஷன் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. பார்க்காமல் விட்டால் அது தெரியவே தெரியாது.

ஆறாம் வகுப்பில் டைம்டேபிள் பார்க்கச் சோம்பல்பட்டு எல்லாப் புத்தகத்தையும் தினம் சுமந்துகொண்டு போவாயே, தோள் வலிக்கிறது என்று அழுதுகொண்டே? டெஸ்க்டாப்பில் வீடியோக்களைக் குவித்துவைத்த ஆளின் ரோமிங் ப்ரொஃபைலும் அப்படித்தான் தினம் ஏறி இறங்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டையும் ஃபோல்டர் ரீடைரக்ஷனில் சர்வருக்கே திருப்பிவிடு, லாகின் லேசாகும். பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடினால், அவற்றின் ப்ரொஃபைல் .வி2 என்றும், விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து .வி6 என்றும் தனித்தனியாக நிற்கும். ஒன்றைப் பழசென்று நினைத்து அழித்துவிடாதே.

நகல் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று உன் மேனேஜர் கேட்டாராமே. ஒருவர் தவறி அழித்தால் அந்த அழிப்பும்தான் அடுத்த சர்வருக்கு ஓடும் என்று அவருக்குப் பொறுமையாகச் சொல். பேக்கப் தனியாக, வேறு இடத்தில். மாதம் ஒருமுறை ஒரே ஒருவருடைய ஃபோல்டரை மீட்டுத் திறந்து பார். சும்மா பச்சை டிக்கைப் பார்த்து நம்பாதே.

புது ப்ரொஃபைல் ஃபோல்டரை நிர்வாகியால்கூடத் திறக்க முடியாது. அதற்கான பாலிசியை முதலிலேயே போட்டுவிடு, அப்புறம் ஓனர்ஷிப்பைப் பிடுங்கினால் ப்ரொஃபைல் ஏறாமல் நிற்கும். திறக்க முடிந்தாலும் வேலைக்குத் தேவையானதற்கு மேல் பார்க்காதே. லோன் பேப்பர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், குழந்தை ஃபோட்டோ என்று எல்லாம் அங்கே கிடக்கும்.

டெம்பரரி ப்ரொஃபைல் என்று யாராவது கூப்பிட்டால், போனிலேயே "லாக்ஆஃப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போ. லாக்ஆஃப் செய்தால் அதற்குள் அவர் எழுதியதெல்லாம் போய்விடும். அவற்றை வேறு ஷேருக்கு மாற்றிக் கொடுத்த பிறகு காரணத்தைத் தேடு.

ஞாயிறு ராத்திரி மெயின்டனன்ஸ் என்றாயே, சாப்பிட்டுவிட்டுப் போ. முடிந்ததும் எத்தனை மணியானாலும் அத்தைக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அத்தை