புனே நகரில் பால்கனித் தோட்டம்

நகர்ப்புறக் குடும்பத்திற்கு நிலம் இல்லை. ஆயினும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று சதுர மீட்டர் அளவுள்ள பால்கனி ஒன்று பெரும்பாலும் உண்டு. அதில் பயிரிட்டால் காய்கறிச் செலவு எவ்வளவு குறையும் என்பதே வழக்கமான வினா. புனே நகரைப் பொறுத்தவரை இதனினும் பெரிய வினா, சமையலறைக் கழிவு எங்கே போகிறது என்பதாகும்.

பல ஆண்டுகளாக அந்நகரின் குப்பை உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி ஆகிய கிராமங்களை ஒட்டிய கிடங்கில் கொட்டப்பட்டு வந்தது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என முறையிட்ட கிராம மக்கள் குப்பை வண்டிகளைப் பலமுறை மறித்தனர். நாற்றத்திற்கும் கசிவு நீருக்கும் காரணம் ஈரக் கழிவே. அதனைத் தனியே பிரித்தல் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டாயமாயிற்று. மண்புழு உரக்குழி அமைப்போருக்கு மாநகராட்சி சொத்து வரியில் சலுகையும் அறிவித்தது. ஆனால், உரம் தயாரித்தபின் அதனை இடுவதற்குச் செடி இல்லையெனில் அதுவும் குப்பையே. இங்குதான் தொட்டிச் செடி பொருளாதார முக்கியத்துவம் பெறுகிறது.

மராட்டிய மாநிலத்தில் இச்சிந்தனைக்கு முன்னோடிகள் உண்டு. கோலாப்பூரைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத் தாபோல்கர், இலைப்பரப்பில் விழும் சூரிய ஒளியே உழவரின் மூலதனம் என்ற நோக்கில், சிறு பரப்பிலும் மட்கிய கழிவைக் கொண்டு பயிர் வளர்க்கலாம் எனக் கற்பித்தார். மும்பையில் ஆர். டி. தோஷி என்பார் கரும்புச் சக்கையைப் பயன்படுத்தி மாடியில் சாகுபடி செய்து காட்டினார்.

மண்ணைக் குறைத்துச் சக்கையையும் மட்கையும் கூட்டுவதற்கு வலுவான காரணம் எடையாகும். குடியிருப்புப் பால்கனி சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 30 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். நனைந்த மண்ணுடன் அதன் எடை 35 கிலோவை எட்டும். ஒரு சதுர மீட்டரில் இத்தகைய 11 தொட்டிகளை நெருக்கி வைத்தால் 385 கிலோ ஆகிவிடும். பழைய கட்டடங்களில் இதனை அலட்சியம் செய்வது ஆபத்து. தென்னை நார்க் கழிவு கலந்த உரக்கலவை எடையைப் பெரிதும் குறைக்கும்.

அடுத்தது வெயில். புனே 18.5 பாகை வட அட்சரேகையில் உள்ளது. எனவே மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்கிறது. தெற்கு நோக்கிய பால்கனிக்கு அப்போது நேரடி வெயில் அரிது. டிசம்பரிலோ நண்பகல் சூரியன் 48 பாகை உயரமே எழுவதால் வெயில் உள்ளே நன்கு படரும். ஆகவே தக்காளி, மிளகாய் போன்றவற்றிற்குத் தெற்குப் பால்கனியில் குளிர்காலமே ஏற்ற பருவம். கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் குளிர்காலத்தில் செழிக்கும். கோடையில் கொத்தமல்லி விரைவில் பூத்துவிடும். வெயில் குறைந்த இடத்திற்குப் புதினா போதும். தென்மேற்குப் பருவமழையில் மேற்குப் பால்கனித் தொட்டிகளுக்கு வடிதுளைகள் இன்றியமையாதவை.

இனி வருவாய். வயலில் முளைக்கீரை எக்டருக்கு 10 டன் அளவில் விளைவதுண்டு. அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. இரண்டு சதுர மீட்டரில் அவ்வாறே விளைந்தால் மாதம் இரண்டு கிலோ கிட்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் கீரை எனக் கொண்டால் நால்வர் குடும்பத்திற்கு மாதம் ஆறு கிலோ தேவை. மூன்றில் ஒரு பங்கு கீரை வீட்டிலேயே கிடைப்பது சிறிதன்று; ஆனால் உருளை, வெங்காயம் வாங்கும் செலவு அப்படியே இருக்கும். பால்கனியால் சந்தைக்குச் செல்வது நின்றுவிடும் என்போர் மிகைப்படுத்துகின்றனர்.

கழிவின் கணக்கு இதனினும் சாதகமானது. நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு எனக் கொண்டால் ஆண்டுக்கு 365 கிலோ. காய்ந்த இலைகளுடன் கலந்து மட்கும்போது அதன் எடை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அவ்வளவையும் பால்கனித் தொட்டிகள் ஏற்றுக்கொள்ள இயலாது; எஞ்சியதைக் குடியிருப்பு வளாகத்து மரங்களுக்கு இட வேண்டும்.