அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

காலையில் பால் பொங்குகிற நேரத்தில்தான் நமக்கு எல்லாம் ஞாபகம் வரும். கேஸ் புக் பண்ணணும், சின்னவனுக்கு சார்ட் பேப்பர் வாங்கணும், அத்தைக்கு பிரஷர் மாத்திரை நாளையோடு தீருது, வெள்ளிக்கிழமை சீட்டுப் பணம் கட்டணும். எட்டு மணிக்குள் இதில் பாதி மறந்துபோகும். ஆனால் எதையோ மறந்துவிட்டோமே என்ற படபடப்பு மட்டும் ராத்திரிவரை விடாது.

ஆறு வருடமாக எங்கள் வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அது வந்த பிறகு அந்தப் படபடப்பு பெருமளவு அடங்கிவிட்டது, கொஞ்சம் காசும் மிச்சமாகிறது. எனக்குப் பலன் தந்ததை எல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள் தோழிகளே.

1. 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும். நாளுக்கு அரைப் பக்கம் என்று வைத்தால் வருடத்துக்கு 183 பக்கம்தான் ஆகும். தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த டைரி வாங்கினால் அதில் கிறுக்கவே மனசு வராது, கடைசியில் பீரோவுக்குள் போய்விடும்.

2. காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம் என்றால், பள்ளிக்கூடம் முடிந்ததும் பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கழற்றி அடுக்குங்கள். ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டு, கோணி ஊசியும் கெட்டி நூலும் வைத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே போட்டால் நோட்டு தயார்.

3. பேனாவை நூலில் கட்டி நோட்டோடு தொங்க விடுங்கள். "பேனா எங்கே?" என்று தேடும் அரை நிமிடத்தில் எழுத வந்ததே மறந்துவிடும். சமையலறை ஈரக் கைக்கு பால் பாயின்ட் பேனாதான் சரி, ஜெல் பேனா கலங்கிவிடும்.

4. கல்யாணப் பத்திரிகை வந்த கெட்டி உறை ஒன்றைப் பின் அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். கேஸ் ரசீது, தையல்காரர் தந்த சீட்டு, மருந்துக் கடை பில் எல்லாம் அதற்குள் அடங்கும்.

5. எதை எழுதினாலும் இந்த ஒரே நோட்டில்தான் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். காலண்டர் தாளில் ஒன்று, பால் கார்டின் பின்னால் ஒன்று, போனில் ஒன்று என்று சிதறினால், எங்கே எழுதினோம் என்று தேடுவதே தனி வேலை ஆகிவிடும். வெளியில் துண்டுச் சீட்டில் எழுத நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் அதையே கொண்டுவந்து ஒட்டிவிடுங்கள்.

6. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதும் எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்கள், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. அடுத்த இரண்டு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்குங்கள். "கொலு – 112" என்று ஒரு வரி இருந்தால் புரட்டிப் புரட்டித் தேட வேண்டாம்.

7. முன்பக்கத்திலிருந்து அன்றாடக் குறிப்பு, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து நிரந்தரக் குறிப்பு. அன்றாட வேலைகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், அளவுகளும் எண்களும் மறுபக்கம் சேர்ந்துகொண்டே வரும். இரண்டும் நடுவில் சந்திக்கும்போது நோட்டு முடிந்தது என்று அர்த்தம். இத்தனை குறிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

8. செய்ய வேண்டிய ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். முடிந்தால் டிக், நாளைக்குத் தள்ளினால் ஒரு அம்புக்குறி, வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். அமெரிக்காவின் புரூக்ளினைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் 'புல்லட் ஜர்னல்' என்று வெளியிட்டு உலகம் முழுக்கப் பரவிய முறையின் அடிப்படை இவ்வளவுதான். வண்ணப் பேனா, ஸ்டிக்கர் எல்லாம் பிறகு மற்றவர்கள் சேர்த்துக்கொண்டது, நமக்கு அது தேவையே இல்லை.

9. ஒரே அம்புக்குறி மூன்று நாள் தொடர்ந்து வந்தால் நின்று யோசியுங்கள். ஒன்று, அந்த வேலையை மறுநாள் காலையில் முதல் வேலையாக முடியுங்கள், இல்லையென்றால் மனசாரக் கைவிடுங்கள். தினமும் தள்ளிப்போடுகிற வேலைதான் செய்கிற வேலையைவிட அதிகமாகக் களைப்பைத் தரும்.

10. "பேங்க் வேலை" என்று மொட்டையாக எழுதினால் அது அப்படியே கிடக்கும். "பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ் இரண்டையும் பையில் வை" என்று எழுதினால் கை தானாகப் போகும்.

11. ஒரு நாளுக்கு ஐந்து வேலைக்கு மேல் எழுதாதீர்கள். சமையல், பாத்திரம், துணி எல்லாம் எழுதாமலே நடக்கிற வேலைகள், அவை இந்த ஐந்தில் சேராது.

12. வெளி வேலைகளைத் தெருவாரியாகப் பிரித்து எழுதுங்கள். மார்க்கெட் பக்கம் என்றால் தையல் கடை, மிக்ஸி பிளேடு சாணை, மருந்துக் கடை மூன்றும் ஒரே நடையில் முடியும். முன்பெல்லாம் வாரத்துக்கு நான்கு முறை ஆட்டோ பிடித்தவள், இப்போது ஒரு முறைதான் பிடிக்கிறேன்.

13. ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து நாளைய வேலைகளை எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி, 2018-ல் வெளியிட்ட ஆய்வில், படுக்குமுன் வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கியிருக்கிறார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். ஐந்து நிமிடம் கொடுத்து ஒன்பது நிமிடம் வாங்குவது நல்ல வியாபாரம்தானே! நடுராத்திரியில் விழித்துக்கொண்டு "இட்லிக்கு ஊறப்போட்டேனா" என்று எழுந்து போய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு இதனால்தான் நின்றது.

14. கவலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மனசை அரிக்கிற விஷயத்தைத் தேதி போட்டு ஒரே வரியில் எழுதி, அதற்கு நாளைக்கு என்ன செய்யலாம் என்று பக்கத்தில் இன்னொரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பாதிக் கவலைகள் தானாகவே கரைந்துபோயிருக்கும்.

15. ஞாயிறு தோறும் மின் மீட்டரைப் பார்த்து யூனிட்டைக் குறித்துவையுங்கள். நம் தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, கீழே உள்ள படிகளுக்கும் சேர்த்து ஏறிவிடும். ஆறாவது வாரமே 400-ஐ நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் ஏசியையும் ஹீட்டரையும் அடக்கி வாசிக்கலாம். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

16. சிலிண்டர் மாட்டிய தேதியைக் கட்டாயம் எழுதுங்கள், 14.2 கிலோ உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்று மூன்று சிலிண்டரில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் 38 நாள் வந்துகொண்டிருந்தது ஒருமுறை 29 நாளிலேயே தீர்ந்தது. பார்த்தால் பர்னர் அடைத்துக்கொண்டு சுடர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது, சுத்தம் செய்ததும் பழைய கணக்குக்கு வந்தது. கேஸ் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

17. பால், பேப்பர், இஸ்திரி, வீட்டு வேலைக்கு உதவும் அக்காவின் லீவு எல்லாவற்றுக்கும் மாதத்துக்கு ஒரே கட்டம் போதும். மேலே 1 முதல் 31 வரை தேதி, பக்கவாட்டில் பெயர்கள், வராத நாளில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. மாதக் கடைசியில் கணக்குத் தகராறும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை.

18. டப்பா காலியான பிறகு மளிகை லிஸ்டில் எழுதாதீர்கள், கால் டப்பாவுக்கு வந்ததுமே எழுதுங்கள். கடைசி நேரத்தில் பக்கத்துக் கடையில் சின்னப் பாக்கெட்டாக வாங்கும்போதுதான் காசு கரைகிறது. பொருளுக்குப் பக்கத்தில் போன மாத விலையையும் குறித்தால், "இது ஏறிடுச்சா?" என்று கடை அண்ணாச்சியிடம் தைரியமாகக் கேட்கலாம்.

19. செலவுக் கணக்கில் பைசா விடாமல் எழுத வேண்டியதில்லை. "தேவை", "ஆசை" என்று இரண்டே பத்தி போட்டு எழுதினாலே ஆசைப் பக்கம் தானாகக் குறையும். ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904-லேயே குடும்பத் தலைவிகளுக்காகக் கணக்கு நோட்டு அச்சிட்டு வெளியிட்டார். 'ககேபோ' என்ற அந்தப் பழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது. கையால் எழுதும்போது நாம் செலவழித்தது நமக்கே உறைக்கும் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம்.

20. பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு, மாதத்துக்கு ஒன்றாக வருடச் செலவுகளை எழுதுங்கள். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், சொத்து வரி எல்லாம் அதில் வரவேண்டும். சென்னையில் சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரல், அக்டோபரில் கட்டினால் 5 சதவீதம் குறைகிறது. ஆயுள் காப்பீட்டில் வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, மாதப் பிரீமியத்துக்கு 15 நாள்தான். நோட்டு இல்லாத காலத்தில் ஒரு வருடம் நாங்கள் அந்த 30 நாளையும் தாண்டிவிட்டு, வட்டியோடு கட்டிப் பாலிசியை உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் பத்து வருடத்துக்கு நோட்டு வாங்கியிருக்கலாம்.

21. மொய் நோட்டு எல்லார் வீட்டிலும் இருக்கும், ஆனால் விசேஷத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பரண்மேல்தான் இருக்கும். நெருங்கிய சொந்தங்கள் நமக்குச் செய்ததை மட்டும் இந்த நோட்டில் இரண்டு பக்கத்துக்கு எடுத்தெழுதுங்கள். திரும்பச் செய்யும்போது குறைவும் வராது, சங்கடமும் வராது.

22. டாக்டரிடம் போகுமுன் கேட்க வேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள், அவர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும். வீட்டில் பார்த்த பிரஷர், சர்க்கரை அளவுகளைத் தேதியோடு காட்டினால் அவருக்கும் முடிவெடுக்க வசதி. அத்தைக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன். அவசரத்தில் யார் கூட்டிப்போனாலும் இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

23. ஏடிஎம் மெஷின் சீட்டு, கடை பில் போன்ற வழவழப்பான தாளில் எழுத்து நாளாக ஆக மங்கி மறைந்துவிடும், மேலே டேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் மறையும். மிக்ஸி, பிரிட்ஜ் பில் என்றால் உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி இரண்டையும் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

24. மின் இணைப்பு எண், கேஸ் நுகர்வோர் எண், ரேஷன் கார்டு எண், பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன் நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஏடிஎம் ரகசிய எண், பாஸ்வேர்டு மட்டும் ஒருபோதும் இதில் வேண்டாம், சமையலறை நோட்டு யார் கண்ணிலும் படும்.

25. விருந்து முடிந்த அன்றே எத்தனை பேர், எவ்வளவு அரிசி போட்டோம், எது மிஞ்சியது, எது பத்தவில்லை என்று நான்கு வரி எழுதிவிடுங்கள். கொலு பொம்மைகளைக் கட்டிவைக்கும்போது "1-ம் பெட்டி தசாவதாரம், 2-ம் பெட்டி செட்டியார், பார்க் சாமான்" என்று எழுதினால் அடுத்த வருடம் எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டாம். வடகத்துக்கு ஜவ்வரிசி அளவு, மாவடுவுக்கு உப்பு, அதிரசப் பாகின் பதம் என்று எங்கள் அத்தை சொல்லச் சொல்ல எழுதியதே இருபது பக்கம் சேர்ந்துவிட்டது. "கை அளவு" என்று அவர் சொன்னதை எல்லாம் உடனே கிண்ணத்தில் கொட்டி அளந்து எழுதிக்கொண்டேன். கடைகளில் கிடைக்காத சொத்து அது, இதை மட்டும் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.

26. நோட்டு உங்கள் சொத்து மட்டும் இல்லை, வீட்டில் எல்லாரும் எழுதட்டும். "அம்மா, வெள்ளிக்கிழமை கலர் டிரஸ்" என்று பிள்ளையே எழுதிவைத்தால் வெள்ளி காலை அலறல் இருக்காது. எங்கள் வீட்டுக்காரர் தன் வேலைகளைத் தானே எழுதி, தானே டிக் போடுகிறார். ஞாபகப்படுத்துகிற வேலை எனக்கு மிச்சம்.

27. நான்கு நாள் எழுதாமல் விட்டுப்போனால் பின்னால் போய் நிரப்ப வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு அப்படியே தொடருங்கள்.

28. பழைய நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள், அட்டையில் வருடத்தைப் பெரிதாக எழுதி அடுக்கிவையுங்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, வியாபாரக் கணக்கும் ஊர்ச் சேதியும் வீட்டு விசேஷமுமாக எழுதிய நாட்குறிப்பு இன்று சரித்திரமாகவே நிற்கிறது. நம் நோட்டில் 2019-ல் துவரம்பருப்பு என்ன விலை என்று பேத்தி படித்தால் அவளுக்கு அது எவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கும்!

29. எங்கள் வீட்டில் புது நோட்டை ஆயுத பூஜை அன்று சாமி முன்னால் வைத்துவிட்டு, விஜயதசமி காலையில் தொடங்குவோம். பழைய நோட்டில் முடிக்காத புள்ளிகளை மட்டும் புதியதில் எழுதிக்கொள்வேன், முதல் வருடம் அது இரண்டு பக்கம் வந்தது. போன விஜயதசமிக்கு ஆறே வரி. அதில் ஒன்று, மொட்டை மாடித் தொட்டி கழுவுவது, அதையும் அன்று சாயங்காலமே முடித்து டிக் போட்டுவிட்டோம்.